8.1 கிலோ கார்பன் ஏரோ பைக்: கை மரத்துப் போறதுக்கு ஃப்ரேம்தான் காரணமா?

விடியல்ரைடர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. அலுமினிய ரோடு சைக்கிளில் ஆறு வருஷம் ஓட்டிட்டு, போன மாசம் கார்பன் ஏரோ பைக்குக்கு (காத்துத் தடை குறையுற வடிவத்தில் செஞ்ச ரேஸ் சைக்கிள்) மாறினேன். டிஸ்க் பிரேக், 50 மிமீ ஆழமுள்ள ரிம், ஹேண்டில்பாரும் அதை ஃபோர்க்கோட இணைக்கிற ஸ்டெம்மும் ஒரே துண்டு, கேபிள் ஒண்ணுகூட வெளியே தெரியாது. ஃப்ரேம் சைஸ் 54. நான் 72 கிலோ.

முதல்ல எடை. பெடல், பாட்டில் கேஜ், கம்ப்யூட்டர் மவுண்ட் எல்லாம் சேர்த்துத் தொங்கு தராசில் மாட்டினா 8.1 கிலோ. கூட ஓட்டுற நண்பனோட பைக் 7.0. மேடு வந்தாலே "வண்டியை ஓட்டுறியா, தள்ளிட்டு வர்றியா"ன்னு கிண்டல்.

விறைப்பில் குறையே இல்லை. எழுந்து நின்னு மிதிச்சா விடுபட்ட அம்பு மாதிரி பாயுது.

பிரச்சினை சொகுசுதான். சொரசொரப்பான தார் வந்தா ஹேண்டில்பார் ஓடுற மிக்ஸி மாதிரி அதிருது. 60 கிலோமீட்டர் தாண்டினதும் வலது கை சுண்டுவிரல் மரத்துப் போகுது. டயர் 25 மிமீ, காத்து 100 பிஎஸ்ஐ. பழைய பைக்கிலும் அதே 100தான் அடிப்பேன்.

கார்பன் அதிர்வை உறிஞ்சிடும்னு எல்லாரும் சொன்னாங்க. ஏரோ ஃப்ரேம்னா இதுதான் விதியா? இதை வித்துட்டு, நீண்ட தூரத்துக்குன்னு சொகுசா செஞ்ச என்ட்யூரன்ஸ் பைக் பக்கம் போகணுமா?


மேட்டுக்கால்

வித்துடுங்க ப்ரோ. ஏரோ பைக் டிவியில் பார்க்க நல்லா இருக்கும். மேட்டில் ஒவ்வொரு கிராமும் கால்ல தெரியும். நான் 6.9 கிலோ வண்டியில் ஏறுறேன், இனி 8 கிலோ பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.


எதிர்க்காற்று

மேட்டுக்கால், உங்க கால் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. கணக்கு சொல்றதை வேணா எழுதுறேன்.

இழை தொடங்கியவர் 72 கிலோ, பைக் 8.1, உடை, ஷூ, தண்ணி, டூல் எல்லாம் 3 கிலோன்னு வைங்க. மொத்தம் 83. அவர் 240 வாட்டில் 7 சதவீத ஏற்றத்தில் ஏறினா வேகம் மணிக்கு 13.3 கிலோமீட்டர் அளவுக்கு வரும். 8 கிலோமீட்டர் ஏற 36 நிமிஷம். இப்ப பைக்கில் 1.1 கிலோவைக் கழிச்சுட்டு அதே வாட்டில் ஏறட்டும். மிச்சமாகுறது ஏறக்குறைய 25 விநாடி. நண்பன் மேட்டு உச்சியில் ரெண்டு நிமிஷம் முன்னாலயே போய் நின்னு சிரிக்கிறான்னா, அந்த ரெண்டு நிமிஷத்தில் ஒண்ணரை நிமிஷம் அவன் கால்ல இருக்கு, பைக்கில் இல்லை.

சமவெளிக்கு வாங்க. மணிக்கு 35 கிலோமீட்டரில் மிதிக்கிற சக்தியில் பெரும்பகுதி காத்தைக் கிழிக்கத்தான் போகுது. காற்றுத் தடையைச் சொல்ற எண் சிடிஏ, அதாவது தடைக் கெழுவை முன்பரப்பால் பெருக்கினது. அவருக்கு 0.35ன்னு வைங்க. ஏரோ ஃப்ரேமும் ஆழ ரிம்மும் சேர்ந்து அதில் 0.02 குறைச்சா 11 வாட் மிச்சம். 40 கிலோமீட்டர் தனியா ஓட்டினா ஒரு நிமிஷத்துக்கு மேலேயே லாபம்.

ரெண்டும் எங்கே சமமாகும்னு போட்டுப் பார்த்தேன். இவர் எடைக்கும் வாட்டுக்கும் ஏறக்குறைய 4 சதவீத ஏற்றத்தில். அதுக்குக் கீழே ஏரோ ஜெயிக்கும், மேலே எடை ஜெயிக்கும். வாட் கூடக் கூட அந்த எல்லை இன்னும் செங்குத்தான பக்கம் நகரும்.

கூட்டத்துக்குள்ளே ஒளிஞ்சு ஓட்டினா இந்த ஏரோ லாபம் நல்லாவே சுருங்கும். அதையும் சொல்லிடணும்.


மேட்டுக்கால்

நீங்க ஒரே சீரான வேகத்துக்குக் கணக்குப் போடுறீங்க. மேட்டில் யாரும் அப்படி ஏறுறதில்லை. ஹேர்பின் திரும்பினதும் எழுந்து மிதிப்போம், உட்காருவோம், மறுபடி எழுவோம். ரிம்மில் இருக்கிற எடை அப்ப ரெட்டிப்பாகும்.


எதிர்க்காற்று

வேகமெடுக்கும்போது ரிம் எடை கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக் கணக்காகும், உண்மை. ரிம்மும் டயரும் 400 கிராம் குறைஞ்சா, வேகமெடுக்கிற அந்தச் சில விநாடிக்கு மட்டும் 800 கிராம் குறைஞ்ச மாதிரி. 83 கிலோவில் 800 கிராம். அதுவும் போட்ட சக்தி சக்கரத்தில் சேமிப்பாத்தான் நிக்கும், பிரேக் பிடிச்சாத்தான் வீணாகும்.

கையில் பிடிச்சு ஆட்டும்போது லேசா இருக்கிற உணர்வு இருக்கே, அதை நான் மறுக்கலை. அந்த சந்தோஷத்துக்காக ஒருத்தர் இலகு பைக் வாங்கினா நியாயம்தான். ஆனா கடிகாரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.


பழையஇரும்பு

இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், ஸ்டீல் மாதிரி வராதுன்னு. மெல்லிசா உருண்டைக் குழாய், மேடு பள்ளம் எல்லாத்தையும் அதுவே தின்னுடும். கார்பனைச் சுண்டினா சத்தம் கேட்கும், ஸ்டீலைச் சுண்டினா நாதம் கேட்கும்.

விறைப்பு விறைப்புன்னு ஏன் எல்லாரும் அலையுறீங்க? அயர்லாந்து ரேஸர் ஷான் கெல்லி 80களில் ஓட்டினது விட்டஸ் 979. அலுமினியக் குழாய்களைப் பசை வச்சு ஒட்டின ஃப்ரேம், நெளியும்னு ஊரே சொன்ன வண்டி. ரேஸ் கூட்டத்திலேயே முரட்டுத்தனமா ஸ்பிரிண்ட் அடிச்ச ஆள் அதிலேயே வரிசையா ஜெயிச்சுட்டுப் போனார்.


லேஅப்

கலப்புப் பொருள் துறையில் வேலை பார்க்கிறேன் (சைக்கிள் கம்பெனி இல்லை). கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க. இங்கே மூணு வேற விறைப்பு ஒரே பெயரில் உலவுது. அதைப் பிரிச்சாத்தான் இழை முன்னால நகரும்.

பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காருற இடம்) பக்கவாட்டில் எவ்வளவு வளையுது என்பது ஒண்ணு. ஹெட் ட்யூபை (ஃபோர்க் நுழையுற முன்குழாய்) பிடிச்சு முறுக்கினா எவ்வளவு திரும்புது என்பது இன்னொண்ணு. இறக்கத்தில் வண்டி சொன்ன கோட்டில் போகுதா, பாம்பா நெளியுதான்னு தீர்மானிக்கிறது இதுதான். மூணாவது, மேலிருந்து கீழே அழுத்தினா எவ்வளவு இறங்குது. உங்க கையும் பின்புறமும் கேட்கிறது இந்த மூணாவதை மட்டும். "முந்தைய மாடலைவிட இத்தனை சதவீதம் விறைப்பு"ன்னு விளம்பரத்தில் வந்தா அது பெரும்பாலும் முதல் ரெண்டைப் பத்தினது.

ஏரோ குழாயில் சிக்கல் எங்கேன்னா, வடிவத்தில். 40 மிமீ விட்டமுள்ள வட்டக் குழாயை எடுங்க. அதே சுற்றளவு, அதே சுவர்க் கனம் வச்சு மூணுக்கு ஒண்ணு விகிதத்தில் நீள்வட்டமா நசுக்குங்க. ஏறக்குறைய 56 மிமீ ஆழம், 19 மிமீ அகலம் வரும். பொருளோட எடை மாறலை. ஆனா முறுக்கு விறைப்பு உள்ளே அடைபடுற பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பு மூணில் ரெண்டா சுருங்கினதால முறுக்கு விறைப்பு 44 சதவீதத்துக்கு விழுந்துடும். பக்கவாட்டு வளைவிலும் இதே கதைதான். இழந்ததைத் திரும்பப் பிடிக்கணும்னா ஒண்ணு குழாயைப் பெருசாக்கணும், இல்லைன்னா இன்னும் நாலு படலம் கார்பன் சுத்தணும். ஏரோ ஃப்ரேமில் கூடுற எடை அங்கேதான் ஒளிஞ்சிருக்கு.

மேல்கீழ் திசையில் நேர் எதிர். ஆழம் கூடக் கூட வளைய மறுக்கும். மரச் சட்டத்தைப் படுக்க வச்சு மிதிச்சா வளையும், நிமிர்த்தி வச்சு மிதிச்சா வளையாது, அதேதான். பழைய ஏரோ பைக்குகள் வேணும்கிற பக்கம் தொளதொளன்னும் வேணாங்கிற பக்கம் இறுக்கமாவும் இருந்ததுக்கு இந்த வடிவம்தான் காரணம்.

ஃபைபர் தேர்வு வச்சும் எடையைக் குறைக்கலாம். டோரே கம்பெனியோட டி700 ஃபைபரோட விறைப்பு 230 கிகாபாஸ்கல், எம்40ஜே 377. ரெண்டாவதை வச்சா குறைஞ்ச கனத்திலேயே விறைப்பு கிடைக்கும். ஆனா அது கொஞ்சம் நீண்டாலே முறியுற ஜாதி, அதனால முழு ஃப்ரேமையும் அதில் செய்ய மாட்டாங்க. விறைப்பு அவசியமான இடத்தில் மட்டும் கலந்து, முறுக்கைத் தாங்க 45 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமா அடுக்குவாங்க. "கார்பன் அதிர்வை உறிஞ்சும்"கிறது முழுப் பொய்யில்லை. ஆனா கார்பன்னு ஒரு தனிக் குணமே கிடையாது, அடுக்கினவர் அதை என்ன செய்யச் சொன்னாரோ அதைச் செய்யும்.


பழையஇரும்பு

நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா நீங்களே ஒத்துக்கிட்டீங்க பாருங்க, ஏரோ ஃப்ரேம் மேல்கீழா இறுக்கம்னு. அதுதானே நான் சொன்னது!


லேஅப்

இறுக்கம்தான். அந்த இறுக்கம் உங்க கைக்கு வந்து சேருதா என்பது வேற கேள்வி.

ரோட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் என்னென்ன இருக்குன்னு வரிசையா பாருங்க: டயர், ரிம், ஃபோர்க் அல்லது பின் ஸ்டே (பின்சக்கரத்தைப் பிடிக்கிற குழாய்), ஃப்ரேம், சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்குற தண்டு), சேடில் (சீட்). தொடரா கோத்த ஸ்பிரிங் மாதிரி. தொடரில் எது ரொம்ப மெத்துன்னு இருக்கோ அதுதான் மொத்தத்தையும் தீர்மானிக்கும். டயர் பல மில்லிமீட்டர் அமுங்கும். முக்கோண ஃப்ரேமை மேலிருந்து அழுத்தினா ஒரு மில்லிமீட்டர் அசையுறதே அதிகம், அது ஸ்டீலா இருந்தாலும் சரி, கார்பனா இருந்தாலும் சரி. உங்க ஸ்டீல் பைக் சொகுசா இருக்கு, நம்புறேன். அதில் என்ன டயர், எவ்வளவு காத்து?


பழையஇரும்பு

32 மிமீ. 60 பிஎஸ்ஐ.


லேஅப்

:)


பழையஇரும்பு

சரி சரி. ஆனாலும் நாதம் நாதம்தான்.


ஒல்லிச்சக்கரம்

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். நான் 51 கிலோ, 48 சைஸ் ஃப்ரேம். ஏரோ பைக்கில் எனக்கு நடந்தது விடியல்ரைடர் அண்ணாவுக்கு நடந்ததைவிட மோசம். எல்லாரும் "டயரில் காத்தைக் குறை"ன்னு சொல்லுவாங்க. குறைச்சேன். முன்பக்கம் சரியாச்சு, பின்பக்கம் முழுசா சரியாகலை.

காரணம் சீட்போஸ்ட். ஏரோ சீட்போஸ்ட் ஆழமான வெட்டு, வளைய மனசே வராது. அதோட என் உயரத்துக்கு அது ஃப்ரேமுக்கு வெளியே 12 சென்டிமீட்டர்தான் நீட்டிக்கிட்டு இருந்தது. ஒரு முனையைப் பிடிச்ச கம்பு எவ்வளவு வளையும்கிறது நீளத்தோட மூணாம் அடுக்குக்கு ஏத்த மாதிரின்னு லேஅப் சார்தான் வேற ஒரு இழையில் சொல்லிக் கொடுத்தாங்க. 18 சென்டிமீட்டர் நீட்டின உயரமானவருக்கு அதே போஸ்ட் என்னைவிட மூணு மடங்குக்கு மேல வளையும். அதுவும் அவர் என்னைவிட 30 கிலோ கூட. பைக் ஒண்ணுதான், எங்க ரெண்டு பேருக்கும் கிடைச்ச சவாரி ரெண்டு விதம். ரிவ்யூ எழுதுறவங்க பெரும்பாலும் 75 கிலோ, 56 சைஸ். அவங்க "சொகுசா இருக்கு"ன்னு எழுதினதை நம்பித்தான் வாங்கினேன்.

சின்ன சைஸுக்குக் கார்பன் அடுக்கைத் தனியாக் குறைச்சு வடிவமைக்கிறவங்களும் இருக்காங்க, எல்லா சைஸுக்கும் ஒரே மாதிரி அடுக்குறவங்களும் இருக்காங்க. வாங்குறதுக்கு முன்னால அதைக் கேட்டிருக்கணும்.


எதிர்க்காற்று

இது முக்கியமான பாயிண்ட். எடைக்கு எடை விறைப்பு அதிகம்னு பெருமையா போடுற எண் யாருக்கான விறைப்புன்னு யாருமே கேட்கிறதில்லை. ஜெர்மனியின் டூர் இதழ் மாதிரி சில இடத்தில்தான் பாட்டம் பிராக்கெட், ஹெட் ட்யூப், முன்பக்கச் சொகுசு, பின்பக்கச் சொகுசுன்னு தனித்தனியா அளந்து போடுறாங்க. காற்றுச் சுரங்கத்தில் அவங்க வைக்கிற வேகம் மணிக்கு 45. நாம 32ல் ஓட்டிட்டு அந்த வாட் எண்ணை அப்படியே நம்ம கணக்கில் எழுதிக்கிறோம். காற்றுத் தடைக்கான சக்தி வேகத்தின் மூணாம் அடுக்குக்கு ஏத்த மாதிரி ஏறும். 45ல் 20 வாட் மிச்சம்னா 32ல் 7 வாட்டுதான்.


விடியல்ரைடர்

ஒரே நாளில் இவ்வளவு பதிலா! ரொம்ப நன்றி. அப்ப நான் 28 மிமீ டயர் போட்டு அதே 100 அடிச்சாப் போதுமா?


லேஅப்

கூடாது! அதே காத்தை அடிச்சா 28 மிமீ டயர் 25ஐவிட இறுக்கமாத்தான் இருக்கும். டயர் தோலில் வர்ற இழுவிசை, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கினது. 25ல் 100 பிஎஸ்ஐக்கு நிகரான இறுக்கம் 28ல் 89லேயே வந்துடும். 32ல் 78. அகல டயரோட பலனே காத்தைக் குறைக்க முடியுறதில்தான் இருக்கு.

72 கிலோவுக்கு, 28 மிமீக்கு, முன்னால 68, பின்னால 72ன்னு தொடங்குங்க. ரெண்டு ரெண்டு பிஎஸ்ஐயா குறைச்சுக்கிட்டே வாங்க. வளைவில் டயர் பக்கவாட்டில் சரியுற மாதிரி தோணினாலோ, பள்ளத்தில் ரிம் தட்டினாலோ மறுபடி கொஞ்சம் ஏத்துங்க.

வேகம் போயிடுமேன்னு பயப்பட வேணாம். வழுவழுப்பான உருளையில் வச்சுச் சோதிச்சா காத்து கூடக் கூட உருளும் தடை குறையும். நிஜ ரோட்டில் ஒரு எல்லை தாண்டினதும் தடை திடீர்னு ஏற ஆரம்பிக்கும். டயர் விழுங்காத அதிர்வை உங்க தசை விழுங்குது, அந்தச் சக்தியும் உங்க காலில் இருந்துதான் போகுது. கல்லு மாதிரி இருக்கிற டயர் வேகமாப் போற மாதிரி தோணும், அவ்வளவுதான்.

ரிம் ஹுக் (டயர் ஓரத்தைக் கவ்வுற கொக்கி விளிம்பு) இல்லாத வகையான்னும் பாருங்க. அப்படின்னா 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ தாண்டவே கூடாது. டயரும் அந்த வகை ரிம்முக்குப் பொருந்தும்னு டயர் கம்பெனி எழுதியிருக்கணும். 100 அடிச்சுட்டு ஓட்டியிருக்கீங்க, அதனாலதான் கேட்கிறேன்.


விடியல்ரைடர்

இப்பத்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஹுக் உள்ள ரிம்தான். உயிர் வந்தது.


எதிர்க்காற்று

டயர் மாத்துறதுக்கு முன்னால ரெண்டு விஷயம். அகல ரிம்மில் 28ன்னு அச்சடிச்ச டயர் 30 கூட வரும். ஃபோர்க்கிலும் பின் ஸ்டேயிலும் இடம் இருக்கான்னு காலிப்பர் வச்சு அளந்துட்டுப் போடுங்க. அடுத்தது, ஏரோ ஆளா நான் சொல்ல வேண்டியது: ரிம்மோட வெளி அகலம் டயர் அகலத்தைவிட 5 சதவீதமாவது கூடுதலா இருந்தாத்தான் காத்து டயரில் இருந்து ரிம்முக்கு ஒட்டி நகரும். 105 விதின்னு சொல்லுவாங்க. டயர் ரிம்மைவிடப் புடைச்சுக்கிட்டு நின்னா 50 மிமீ ஆழத்துக்கான பலன்ல ஒரு பங்கு போயிடும். ஒரு பங்குதான், முழுசும் இல்லை. கை மரத்துப்போய் ட்ராப்ஸ் (ஹேண்டில்பாரோட கீழ்வளைவு) பிடிக்க முடியாம நிமிர்ந்து ஓட்டுறதில் போற காத்து அதைவிட எத்தனையோ மடங்கு.

இன்னும் சொல்லப்போனா காற்றுத் தடையில் முக்கால் பங்கு நம்ம உடம்புதான். குனிஞ்சு வசதியா இருக்க விடாத ஏரோ பைக் ஏரோவே இல்லை.


ஒல்லிச்சக்கரம்

அண்ணா, சுண்டுவிரல் மட்டும் மரக்குதா, மோதிர விரலுமா? அதிரும்போது மரக்குதா, வழுவழுப்பான ரோட்டிலும் மரக்குதா?


விடியல்ரைடர்

நல்ல கேள்வி. யோசிச்சுப் பார்த்தா ரெண்டு விரலும்தான். நல்ல ரோட்டிலும் மரக்குது, கொஞ்சம் லேட்டா.


ஒல்லிச்சக்கரம்

அப்ப அது அதிர்வு மட்டும் இல்லை. அந்த ரெண்டு விரலுக்கும் போறது அல்னர் நரம்பு. உள்ளங்கை ஓரத்தில் எடை தொடர்ந்து அழுந்தினா மரக்கும். உங்க உடம்பு முன்பக்கம் அதிகமாச் சாயுது. ஃப்ரேமை வித்தாலும் இதே உயரத்தில், இதே நீட்டத்தில் உட்கார்ந்தா அடுத்த பைக்கிலும் மரக்கும்.

பழைய பைக்கில் சேடில் முனையில் இருந்து ஹுட் (பிரேக் லீவர் மேல கை வைக்கிற பிடி) வரைக்கும் எவ்வளவு? சேடிலுக்கும் ஹுட்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? ரெண்டு பைக்கையும் சமதளத்தில் நிறுத்தி அளந்து போடுங்க. ஹுட் உள்பக்கமா திரும்பியிருக்கா, மணிக்கட்டு நேரா இருக்கான்னும் பாருங்க. நான் ரெண்டு மாசம் கிளவுஸா மாத்தி மாத்திப் பார்த்து நேரத்தை வீணாக்கினவ.


விடியல்ரைடர்

அளந்தேன். நீட்டம் புதுசில் 14 மிமீ அதிகம். ஹுட் 22 மிமீ கீழே! ஷோரூமில் ஸ்டெம்முக்கு அடியில் உயரம் கூட்டுற வளையம், அதான் ஸ்பேசர், ஒண்ணுகூட இல்லாம "இதுதான் ரேஸ் லுக்"ன்னு கொடுத்தாங்க, நானும் பல்லைக் காட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.


மேட்டுக்கால்

இதைத்தான் ப்ரோ நான் முதல்லயே கேட்டிருக்கணும். எடை எடைன்னு எழுதிட்டேன். மன்னிச்சுக்கங்க.

ஸ்டியரரை வெட்டாம விட்டிருக்காங்களா? ஃபோர்க்கோட ஸ்டியரர் குழாயை ஏற்கெனவே குட்டையா அறுத்திருந்தா ஸ்பேசர் ஏத்த முடியாது. ஒரே துண்டு ஹேண்டில்பார்னா ஸ்டெம் நீளம் மாத்தணும்னாலும் முழுசையும் மாத்தணும், பிரேக் ஹோஸைக் கழட்டி ப்ளீட் பண்ணணும் (பிரேக் ஆயிலில் சேர்ந்த காத்தை வெளியேத்துறது). ஏரோ பைக்கில் எனக்கு நிஜமான கோபம் இதில்தான். சாதாரண பைக்கில் நாலு போல்ட்டில் முடியுற வேலை.


பழையஇரும்பு

முதல் தடவையா மேட்டுக்கால் சொன்னதுக்கு வழிமொழிகிறேன். தேதி குறிச்சு வைங்க.


லேஅப்

மேட்டுக்கால் சொன்னதில் இருந்து ஒரு விஷயம் தொடரணும். ஏரோன்னாலே கஷ்டம்கிற பெயர் வந்ததுக்குப் பழைய பைக்குகள் காரணம், அந்தப் பெயர் இன்னும் போகலை. ஆனா தயாரிக்கிறவங்க சும்மா இருக்கலை. ட்ரெக் 2015இல் மடோன் ஏரோ பைக்கிலேயே சீட் ட்யூபைத் தனியா அசைய விட்ட ஐசோஸ்பீட் அமைப்பை வச்சாங்க. 2022இல் அதை எடுத்துட்டு சீட் ட்யூப் பக்கம் ஒரு ஓட்டையே போட்டாங்க. மத்தவங்க பின் ஸ்டேயைக் கீழே இறக்கி இணைச்சாங்க. அது காத்துக்கும் நல்லது, சீட் ட்யூப் கொஞ்சம் வளையவும் இடம் கொடுக்கும்.

2016 பாரிஸ்-ரூபே ரேஸில் மேத்யூ ஹேமன் ஜெயிச்சது ஸ்காட் ஃபாயில் ஏரோ பைக்கில். 50 கிலோமீட்டருக்கு மேல கல்லு பாவின ரோடு. அவர் கை எலும்பு முறிஞ்சு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ரேஸுக்குன்னே ஆளாளுக்கு என்ட்யூரன்ஸ் பைக் செஞ்ச காலம் அது.


எதிர்க்காற்று

எடைப் பக்கமும் அதே மாதிரி நெருங்கிட்டாங்க. உலக சைக்கிள் சங்கமான யூசிஐ 2000இல் இருந்து 6.8 கிலோவுக்குக் கீழே ரேஸில் விடுறதில்லை. கார்பன் வளர வளர அந்த எல்லையைத் தொடுறது சுலபமாச்சு. சில அணிகள் எடையைத் தொட ஈயத்துண்டு வைக்கிற நிலைமைகூட வந்தது. அப்புறம் மிச்சமான கிராமை எங்கே செலவழிக்கலாம்னு பார்த்தா காத்துதான் கண்ணில் பட்டது. 2020இல் ஸ்பெஷலைஸ்ட் தன்னோட ஏரோ பைக்கான வெஞ்சை நிறுத்திட்டு டார்மாக் மாடலே ரெண்டுக்கும் போதும்னு சொன்னாங்க. 2024இல் ட்ரெக் இலகு பைக்கான எமோண்டாவை மடோனுக்குள்ளேயே கரைச்சுட்டாங்க. நாம இங்கே போடுற சண்டையை அவங்க முடிச்சுட்டாங்க.


மேட்டுக்கால்

முடிக்கலை. நாம இன்னும் 8.1 கிலோவில்தானே ஓட்டுறோம்? அந்த மேல்மட்ட ஃப்ரேமும் வீலும் எல்லாருக்கும் கிடைக்காது. அடுத்த மட்டத்தில் அதே அச்சு, வேற ஃபைபர், கனமான வீல். டிஸ்க் பிரேக் வேற. மேட்டில் உடம்பில் 1 கிலோ குறைச்சாலும் பைக்கில் 1 கிலோ குறைச்சாலும் கணக்கு ஒண்ணுதான், ஒத்துக்கிறேன். ஆனா எழுந்து நின்னு ஆட்டும்போது கைக்கடியில் ஆடுறது பைக் மட்டும்தான். அந்த 1.1 கிலோ எனக்குத் தெரியும். இதை நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.


எதிர்க்காற்று

விட்டுக் கொடுக்க வேணாம். அடுத்த தடவை கண்ணைக் கட்டிட்டு ஆட்டுங்க.


விடியல்ரைடர்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். நடந்ததை எழுதுறேன்.

ஸ்டியரர் அதிர்ஷ்டவசமா முழுசா அறுக்கலை. 15 மிமீ ஸ்பேசர் ஏத்தினேன். ஏத்துற அளவுக்கு ஹோஸில் நீளம் இருந்ததால ப்ளீட் இல்லாம முடிஞ்சது. ஹுட்டைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். சேடில் முனை லேசா கீழ்நோக்கிச் சரிஞ்சிருந்தது, மட்டம் வச்சு நேராக்கினேன். கையில் விழுந்த எடை பாதி அதனாலதான்னு நினைக்கிறேன், வழுக்கி வழுக்கி முன்னால வந்துக்கிட்டே இருந்திருக்கேன்.

டயர் 28. என் ரிம்மில் அளந்தா 29.6 வருது. ஃப்ரேமுக்கு 32 வரைக்கும் போடலாம். காத்து 70, 74ல ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் ஓட்டியும் பெருசா வித்தியாசம் தெரியலை. லேஅப் சார் மேல லேசாக் கோபம்கூட வந்தது.

அப்புறம் நண்பன்கிட்ட டிஜிட்டல் கேஜ் வாங்கி அளந்தேன். என் பம்ப் 70 காட்டினா நிஜத்தில் 84! ஆறு வருஷமா அந்த பம்ப்தான். அப்ப நான் 100ன்னு நினைச்சு அடிச்சது எவ்வளவுன்னு யோசிக்கவே பயமா இருக்கு.

நிஜமான 66, 70க்கு இறக்கினதும் வேற பைக். மிக்ஸி நின்னுடுச்சு. போன ஞாயிறு 110 கிலோமீட்டர். மோதிர விரல் சுத்தமாச் சரி. சுண்டுவிரல் 90க்கு மேல லேசா கூசுச்சு, கையை மாத்தி மாத்திப் பிடிச்சா போயிடுது.

மேட்டில் இன்னும் நண்பனுக்குப் பின்னாலதான். ஒரு நாள் பைக்கை மாத்திக்கிட்டோம். என் 8.1 கிலோவில் ஏறியும் அவன்தான் முன்னால போனான்.


எதிர்க்காற்று

:)


மேட்டுக்கால்

அவனோட பைக்கில் ஏறும்போது லேசாத் தெரிஞ்சதா இல்லையா, நேர்மையாச் சொல்லுங்க.


விடியல்ரைடர்

தெரிஞ்சது. ரொம்ப நல்லா இருந்தது.


மேட்டுக்கால்

அது போதும் எனக்கு.


ஒல்லிச்சக்கரம்

அந்தக் கடைசி கூச்சத்துக்கு ஹேண்டில்பார் டேப்பைக் கொஞ்சம் தடிமனா மாத்திப் பாருங்க அண்ணா. 30 மிமீ டயரை முன்பக்கம் மட்டும் போட்டாலும் நல்லது. பின்பக்கம் எப்படி, சீட்போஸ்ட் எவ்வளவு வெளியே நிக்குது?


விடியல்ரைடர்

17 சென்டிமீட்டர். பின்பக்கம் குறையில்லைம்மா. ஆனா சேடிலை நேராக்கினதில் இருந்து எழுந்து மிதிக்கும்போது அந்தப் பக்கத்தில் இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம். போல்ட்டை டார்க் ரெஞ்சில் 6 நியூட்டன் மீட்டருக்குத்தான் இறுக்கினேன், அதான் ஃப்ரேமில் எழுதியிருக்கு.


பழையஇரும்பு

கழட்டித் துடைச்சு கார்பன் பேஸ்ட் தடவினியா? கிரீஸ் வச்சிருந்தா முதல்ல அதை எடு, போஸ்ட் இறங்கிக்கிட்டே போகும்.


விடியல்ரைடர்

...கிரீஸ்தான் வச்சேன்.